பழைய ஸ்பிரிங்க்ளர் அமைப்பு: தோண்டி எறிவதா, தேற்றி எடுப்பதா?

#1 பச்சைத்தரை

வணக்கம். வாங்கிய வீட்டோடு ஒரு புல்வெளியும், அதற்கடியில் புதைந்திருக்கும் ஸ்பிரிங்க்ளர் அமைப்பும் சேர்ந்தே வந்துவிட்டன. போட்டு இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு வரைபடம் கிடையாது. சுவரில் ஒரு பழைய கண்ட்ரோலர், எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று ஓட்டும் பெட்டி. ஆறு ஜோனுக்கு (ஒரே வால்வில் ஓடும் ஒரு பகுதி) இடம் இருந்தாலும் ஐந்துக்குத்தான் ஒயர் போயிருக்கிறது.

தொந்தரவுகள் இவை. ஜோன் 1 ஓடி முடிந்த பிறகும் தாழ்வான மூலையில் உள்ள ஹெட்டில் (நீர் பீய்ச்சும் தலை) தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது, அங்கே தரை எப்போதும் சொதசொத. ஜோன் 2 திறந்தால் தண்ணீர் புகைபோல மேலே எழுகிறது, புல் மட்டும் காய்கிறது. ஜோன் 3-ல் சுழலும் ரோட்டர்களும் சாதாரண ஸ்ப்ரே ஹெட்களும் கலந்து கிடக்கின்றன, ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் வறட்சி. ஜோன் 4 ஓடுவதாகக் கண்ட்ரோலர் சொல்கிறது, ஆனால் ஒரு சொட்டு வருவதில்லை. ஜோன் 5 வேலியோரச் செடிகளுக்கு, அது ஒன்றுதான் ஓரளவு ஒழுங்கு.

வந்து பார்த்த ஒருவர், எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்கிறார். நண்பர் ஒருவர், வைஃபை கண்ட்ரோலர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எதை முதலில் செய்வது?

#2 புதியபெட்டி

நண்பர் சொன்னதுதான் சரி. பழைய கண்ட்ரோலரைக் கழட்டிட்டு ஸ்மார்ட் ஒண்ணு மாட்டுங்க. வானிலையைப் பார்த்து அதுவே நேரத்தைக் கூட்டும், குறைக்கும். மழை வந்தா நிறுத்திடும். பத்து ஒயரைக் கழட்டி மாட்டுற வேலைதான், ஸ்க்ரூடிரைவர் போதும். தோண்டுறதெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்.

#3 வால்வுப்பெட்டி

பச்சைத்தரை, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், எதையும் தோண்டாதீர்கள். நீங்கள் எழுதிய நான்கு தொந்தரவில் ஒன்றுகூட கண்ட்ரோலரால் வந்ததாகத் தெரியவில்லை. கசிவு வால்வில் இருக்கலாம், புகைவது பிரஷரால், சேறும் வறட்சியும் நாசில்களால், அதாவது ஹெட்டில் தண்ணீர் வெளிவரும் வாய்களால். புதுப் பெட்டி மாட்டினால் இதே கோளாறுகள் கைப்பேசி வழியாக ஓடும், அவ்வளவுதான்.

முதலில் மூன்று அளவுகள் எடுங்கள். ஒன்று, தோட்டக் குழாயில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, வீட்டில் எந்தத் தண்ணீரும் ஓடாதபோது என்ன காட்டுகிறது, ஒரு ஜோன் ஓடும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ அடைப்பு, இல்லை குழாய் சிறியது, இல்லை கசிவு.

இரண்டு, தண்ணீர் மீட்டர். ஒவ்வொரு ஜோனையும் தனியாக ஓடவிட்டு, ஹெட்கள் முழுக்க எழும்பிய பிறகு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று பாருங்கள். இந்த எண்ணைப் பெரும்பாலானோர் எடுப்பதே இல்லை. ஆனால் பின்னால் எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கும். நாசில் தயாரித்தவர்களின் அட்டவணையில் ஒவ்வொரு நாசிலும் எவ்வளவு விடும் என்று இருக்கும். அவற்றைக் கூட்டினால் வருவதைவிட மீட்டர் வெகுவாக அதிகம் காட்டினால், அந்த ஜோனில் மண்ணுக்கடியில் குழாய் உடைந்திருக்கிறது, அல்லது பிரஷர் கட்டுக்கு மேலே இருக்கிறது.

மூன்றாவது, எல்லா ஜோனும் மூடியிருக்கையில், வீட்டிலும் எந்தக் குழாயும் திறக்காதபோது, மீட்டரின் சின்ன முள் நகர்கிறதா என்று பாருங்கள்.

அளவு கையில் வந்த பிறகு பேசுவோம். முழுக்கத் தோண்டச் சொன்னவர் கேஜ் மாட்டிப் பார்த்தாரா?

#4 மின்முனை

ஜோன் 4-க்கு நான் சொல்றேன். இது ஒயர் பக்கம் போகுற மாதிரி தெரியுது. மல்டிமீட்டர் இருக்கா? முதல்ல கண்ட்ரோலருக்கு வர்ற மெயின் சப்ளையை அணைச்சிடுங்க. வால்வுக்குப் போறது 24 வோல்ட் ஏசி, அதுல பெரிய ஆபத்து இல்ல. ஆனா டிரான்ஸ்ஃபார்மருக்கு வர்ற பக்கம் வீட்டு மின்சாரம், அங்க விளையாட வேண்டாம்.

அப்புறம் ஜோன் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டி, எல்லா வால்வுக்கும் பொதுவான காமன் ஒயருக்கும் அதுக்கும் நடுவுல ஓம் பாருங்க. காமன் பெரும்பாலும் வெள்ளையா இருக்கும், "சி"ன்னு எழுதின முனையில மாட்டியிருக்கும். வால்வைத் திறக்கிற காந்தச் சுருள்தான் சோலினாய்டு, நல்லதா இருந்தா 20-லேர்ந்து 60 ஓமுக்குள்ள காட்டும். முடிவே இல்லாம காட்டினா எங்கேயோ அறுந்திருக்கு. பத்துக்கும் கீழ போச்சுன்னா காயில் ஷார்ட். ஐந்து ஜோனையும் எடுத்து எழுதுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்த்தா தப்பு எதுன்னு தானா தெரியும்.

ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. இதை எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் பாதிப் பேர் எடுக்கிறதில்ல.

#5 பச்சைத்தரை

இருவருக்கும் நன்றி. அளந்தாயிற்று.

ஓட்டம் இல்லாதபோது 5 பார். ஜோன் 2 ஓடும்போது அந்த ஹெட் பக்கத்தில் 4 பார். மீட்டர்படி ஜோன் 2 நிமிஷத்துக்கு 52 லிட்டர் குடிக்கிறது. அந்த இடம் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். எல்லாம் மூடியிருக்கும்போது மீட்டர் முள் மெதுவாக நகர்கிறது.

ஓம் கணக்கு: ஜோன் 1, 2, 3, 5 எல்லாம் 27-க்கும் 31-க்கும் நடுவில். ஜோன் 4 முடிவே இல்லாமல் காட்டுகிறது. வால்வு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, மற்ற நான்கும் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

#6 மின்முனை

அறுந்திருக்கு. வால்வுலயா, நடுவுல ஒயர்லயான்னு இனி பார்க்கணும். பெட்டி மண்ணுக்குள்ள மூடிப் போயிருக்கும், புல் அதுமேல வளர்ந்திருக்கும். ஜோன் 4-ல ஹெட் இருக்கிற வரிசையையும் மற்ற வால்வுப் பெட்டியையும் மனசுல ஒரு கோடு போட்டு இணைச்சு, அந்த வழியில நீளமான ஸ்க்ரூடிரைவரால மெதுவா குத்திப் பாருங்க. பிளாஸ்டிக் மூடி தட்டுப்பட்டா சத்தம் வேற மாதிரி இருக்கும். கிடைக்கலைன்னா ஒயர் தேடுற கருவி வாடகைக்குக் கிடைக்கும். கண்ட்ரோலர் முனையில சிக்னல் கொடுத்து, தரைக்கு மேல நடந்துக்கிட்டே ஒயர் போற வழியைப் பிடிக்கலாம், அறுந்த இடத்துல சத்தம் விழுந்துடும்.

#7 வால்வுப்பெட்டி

ஜோன் 1 கசிவைப் பற்றி. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு.

ஓட்டம் நின்றதும் மேட்டிலிருக்கும் குழாயில் தங்கிய தண்ணீர் தாழ்வான ஹெட் வழியாக வடிவது ஒன்று. இது குழாய் காலியானதும் தானே நின்றுவிடும். அந்த ஹெட்டை, தங்கிய தண்ணீரை வடியவிடாத செக் வால்வு உள்ள ஹெட்டாக மாற்றினால் முடிந்தது. மற்றொன்று, வால்வே முழுக்க மூடாமல் கசிவது. இது நிற்கவே நிற்காது. உங்கள் மீட்டர் முள் நகர்கிறது என்பதால் இரண்டாவதுதான் என் சந்தேகம். உறுதி செய்ய, அமைப்புக்கு வரும் மெயின் வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நின்றால் கசிவு தோட்டத்தில், நிற்காவிட்டால் வீட்டுக்குள் தேட வேண்டும்.

வால்வு எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். உள்ளே டயாஃப்ரம் என்ற வளையும் ரப்பர் தகடு. அதில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் டயாஃப்ரத்துக்கு மேலே போய் நிரம்பி, அதை அழுத்தி மூடிவைக்கிறது. மேல்பக்கப் பரப்பு கீழ்ப்பக்கத்தைவிட அதிகம், அதனால் ஒரே பிரஷராக இருந்தாலும் மேலிருந்து அழுத்துவதே வெல்லும். சோலினாய்டுக்கு மின்சாரம் வந்ததும் அது ஒரு சிறு ஊசியைத் தூக்குகிறது, மேலே இருந்த தண்ணீர் வெளிப்பக்கம் வடிகிறது, கீழிருந்து வரும் தண்ணீர் டயாஃப்ரத்தைத் தள்ளித் திறக்கிறது. மின்சாரம் நின்றால் மறுபடி மேலே நிரம்பி மூடும்.

இதிலிருந்தே நோய் எது என்று சொல்லிவிடலாம். டயாஃப்ரத்தின் சிறு துளை அடைத்தால் வால்வு மூடாது. சோலினாய்டுக்குக் கீழே தண்ணீர் வடியும் வழி அடைத்தால் வால்வு திறக்காது. டயாஃப்ரம் உட்காரும் விளிம்பில் ஒரு மணல் துணுக்கு நின்றால் மெதுவாகக் கசியும். உங்களுடையது அநேகமாக இதுதான்.

மெயினை மூடுங்கள், மேல்மூடித் திருகுகளைக் கழற்றுங்கள், ஸ்பிரிங் குதித்து ஓடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், டயாஃப்ரம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று பார்த்துக்கொண்டு எடுங்கள். கழுவி, வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிசல் இருந்தால் டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும், வால்வின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். உடம்போடு வால்வை வெட்டி எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. மூடும்போது திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சோலினாய்டைக் கையால் மட்டும் திருப்புங்கள், ஸ்பேனர் வேண்டாம், பிளாஸ்டிக் திருகு போய்விட்டால் பிறகு முழு வால்வுதான்.

#8 புதியபெட்டி

வால்வுப்பெட்டி சார், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா அவர் இதையெல்லாம் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள மழை நாள்லயும் தண்ணி ஓடிக்கிட்டு இருக்கும். கண்ட்ரோலரை முதல்ல மாத்தினா என்ன நஷ்டம்?

#9 வால்வுப்பெட்டி

ஸ்மார்ட் கண்ட்ரோலர் முதலில் உங்களிடம் சில கேள்விகள் கேட்கும்: என்ன மண், என்ன ஹெட், வெயிலா நிழலா, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் விழுகிறது. நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அதுவே பொதுவான ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். பச்சைத்தரையின் ஜோன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 52 லிட்டரை 70 சதுர மீட்டரால் வகுத்தால் நிமிஷத்துக்கு 0.74 மில்லிமீட்டர், ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்ற கணக்குப்படி. மணிக்கு 44-க்கு மேல். ஆனால் அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது, புல்லில் விழுவதே இல்லை. பெட்டிக்கு இது எப்படித் தெரியும்? தப்பான எண்ணை வைத்துக்கொண்டு மிகச் சரியாகக் கணக்குப் போடும்.

ஜோன் 3 இன்னும் மோசம். ஒரே வால்வில் இரண்டு வேகத்தில் தண்ணீர் விழும்போது எந்தக் கண்ட்ரோலராலும் இரண்டையும் திருப்தி செய்ய முடியாது.

மழை நாள் கவலை நியாயம். அதற்கு மழை சென்சார் போதும். உள்ளே கார்க் போன்ற வட்டுகள் இருக்கும், நனைந்தால் ஊதி ஒரு சுவிட்சைத் திறக்கும், காமன் வழி துண்டிக்கப்பட்டு வால்வு எதுவும் திறக்காது. காய்ந்ததும் பழையபடி. பழைய கண்ட்ரோலரிலும் மாட்டலாம். பச்சைத்தரை, உங்கள் கூரையோரம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் அது இருப்பதையே மறந்திருப்பார்கள்.

#10 சொட்டுநீர்

எல்லோரும் புல்லைக் காப்பாற்றுவதிலேயே நிற்கிறீர்கள். ஜோன் 5 வேலியோரச் செடிகள் என்கிறார். செடிக்கு ஸ்ப்ரே எதற்கு? இலையில் பாதி, சுவரில் கால், வேருக்கு மிச்சம். அந்த ஜோனை முழுக்கச் சொட்டுநீர்ப் பாசனமாக மாற்றுங்கள். அதே வால்வு, அதே ஒயர். வால்வுக்குப் பின்னால் ஒரு ஃபில்டரும், 2 பாருக்குள் குறைக்கும் ஒரு பிரஷர் ரெகுலேட்டரும் போதும். ஒரு ஹெட்டைக் கழற்றி அங்கிருந்து சொட்டுக்குழாயை எடுத்து, மற்ற ஹெட்களுக்கு மூடி போடுங்கள்.

ஜோன் 3-லும் காயும் பக்கத்தைப் புல்லே இல்லாமல் செய்துவிடலாம். மரத்தடியில் புல்லை வளர்க்கப் போராடுவது எனக்கு என்றைக்குமே விளங்கியதில்லை.

#11 வால்வுப்பெட்டி

ஜோன் 5 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, நானே சொல்லியிருக்க வேண்டியது. ஒரே எச்சரிக்கை: அரை ஜோன் சொட்டுநீர், அரை ஜோன் ஸ்ப்ரே என்று விடக்கூடாது. சொட்டுவான் மணிக்கு 2 முதல் 4 லிட்டர்தான் விடும், அதற்கு மணிக்கணக்கில் ஓட வேண்டும். ஸ்ப்ரே நிமிஷக் கணக்கு. ஒரே வால்வில் இருந்தால் ஒன்று மூழ்கும், அல்லது மற்றது வாடும்.

ஜோன் 3-ல் புல்லை எடுப்பது அவர் விருப்பம்.

#12 பச்சைத்தரை

ஜோன் 4 வால்வு கிடைத்தது! மின்முனை சொன்னபடி குத்திக்கொண்டே போனதில், ஒரு பூஞ்செடிக்குக் கீழே பெட்டி. சோலினாய்டில் நேராக அளந்தால் 29 ஓம். ஆக காயில் நல்லது. ஒயர் இணைப்பு சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள், பிரித்தால் செம்பு முழுக்கப் பச்சையாகப் பொடிந்து வருகிறது.

மெயினை மூடினால் மீட்டர் முள் நிற்கிறது. ஜோன் 1 டயாஃப்ரத்தில் கிழிசல் இல்லை, விளிம்பில் மணல் இருந்தது. கழுவிப் போட்டதில் கசிவு நின்றுவிட்டது. மழை சென்சாரும் இருக்கிறது, ஆனால் பைபாஸில், அதாவது வேலை செய்யாதபடி, வைத்திருக்கிறார்கள்.

#13 மின்முனை

சூப்பர். பச்சை ஏறின செம்பை நல்ல செம்பு தெரியிற வரை வெட்டி எறிஞ்சிடுங்க. இணைப்புக்குத் தண்ணி புகாத, உள்ள ஜெல் நிரப்பின கனெக்டர் இருக்கு, அதைத்தான் போடணும். வால்வுப் பெட்டி எப்பவும் ஈரமா இருக்கிற இடம், டேப் எத்தனை சுத்து சுத்தினாலும் நிக்காது. கையோட மத்த நாலு வால்வோட இணைப்பையும் பாருங்க, ஒரே ஆள்தான் போட்டிருப்பார்.

இதே கோளாறு மண்ணுக்கு நடுவுல ஒயர் அறுந்து வந்திருந்தா, கேபிள்ல பயன்படுத்தாத ஒயர் ஏதாவது மிச்சம் இருக்கான்னு பார்த்து அதை மாத்திப் போட்டிருக்கலாம். அதுவும் இல்லன்னா பேட்டரியில ஓடுற சின்ன கண்ட்ரோலரை வால்வுப் பெட்டிக்குள்ளயே வச்சிடலாம். அதுக்கு டிசி லாட்ச்சிங் சோலினாய்டு (ஒரு துடிப்புல திறந்து, இன்னொண்ணுல மூடுற வகை) வேணும், 24 வோல்ட் ஏசி காயில் அதுக்கு ஆகாது. படிக்கிற வேற யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

#14 பச்சைத்தரை

இணைப்பை மாற்றிவிட்டேன். சோலினாய்டு "டிக்" என்கிறது. ஆனால் ஹெட்கள் பாதிதான் எழும்புகின்றன.

#15 வால்வுப்பெட்டி

அந்த வால்வின் தலையில் கைப்பிடியோ திருகோ ஒன்று இருக்கும், ஓட்டத்தைக் குறைக்க. யாரோ அதை மூடிவைத்திருக்கலாம். இடப்பக்கம் முழுக்கத் திறந்து பாருங்கள். அப்படியும் எழும்பாவிட்டால், வால்விலிருந்து கடைசியிலிருக்கும் ஹெட்டின் நாசிலைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் ஓடவிடுங்கள், வருஷக்கணக்கில் ஓடாத குழாயில் சேறு இருக்கும். பிறகு எல்லா நாசிலுக்கும் கீழே இருக்கும் சின்னக் கூடை ஃபில்டரை எடுத்துக் கழுவுங்கள்.

#16 பச்சைத்தரை

திருகுதான். கிட்டத்தட்ட மூடியே இருந்தது. இப்போது ஜோன் 4-ம் ஓடுகிறது.

இனி ஜோன் 2. அதே திருகை இங்கே கொஞ்சம் மூடினால் புகைவது நின்றுவிடாதா? எதற்கு ஹெட் மாற்ற வேண்டும்?

#17 வால்வுப்பெட்டி

நிற்கும், இன்றைக்கு. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் பிரஷர் நேரத்துக்கு நேரம் மாறும். நீங்கள் மாலையில் பார்த்துச் சரிசெய்தது விடியற்காலையில் சரியாக இருக்காது. திருகு ஓட்டத்தைத் தடுக்கும், பிரஷரை ஒரே அளவில் பிடித்து நிறுத்தாது.

ஸ்ப்ரே ஹெட்டுக்கு ஏற்ற பிரஷர் சுமார் 2.1 பார். உங்களுக்கு 4. நாசிலிலிருந்து வெளிவரும் தண்ணீர் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, எனவே பிரஷர் இரட்டிப்பானால் தண்ணீர் ஏறக்குறைய 1.4 மடங்கு. அந்தக் கூடுதல் தண்ணீரும் துளித்துளியாக உடைந்து காற்றில் போகிறது. நீங்கள் காசு கொடுத்துப் பனிமூட்டம் உண்டாக்குகிறீர்கள்.

இரண்டு வழி. வால்விலேயே பொருத்தும் ரெகுலேட்டர், உங்கள் வால்வு மாடலுக்கு இருந்தால். அல்லது ரெகுலேட்டர் உள்ளேயே வைத்த ஸ்ப்ரே ஹெட்கள். நான் இரண்டாவதையே சொல்வேன். நீங்கள் எப்படியும் ஹெட்டைத் தொட வேண்டியிருக்கும்: பழையவை பெரும்பாலும் 5 சென்டிமீட்டர்தான் எழும்பும், புல் அதற்கு மேல் வளர்ந்து தண்ணீரை மறைக்கும். 10 சென்டிமீட்டர் எழும்பும் ஹெட்டாகப் போடுங்கள். மேல்விளிம்பு தரைமட்டத்தோடு சமமாக, நேர்செங்குத்தாக உட்கார வேண்டும். சாய்ந்த ஹெட் ஒரு பக்கம் மண்ணைத் தோண்டும், மறுபக்கம் வானத்துக்கு அடிக்கும்.

பழைய ஹெட் கெட்டியான குழாய்த் துண்டின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் அதை விட்டுவிட்டு, வளையும் குழாயில் எல்போ இணைப்போடு போடுங்கள். வண்டியோ புல்வெட்டியோ ஏறினால் அது வளைந்து கொடுக்கும், அடியிலிருக்கும் டீ (மூன்று வழி இணைப்பு) உடையாது.

#18 உறைபனி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். தரை உறையும் இடத்தில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால்: குளிர் தொடங்குமுன் குழாயில் தங்கிய தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிடுங்கள். கம்ப்ரஸரால் ஊதி எடுக்கும்போது பாலித்தீன் குழாய்க்கு 3.4 பார், பிவிசிக்கு 5.5 பார் தாண்டக்கூடாது. பிரஷரைவிடக் காற்றின் அளவே முக்கியம், அதனால் சின்ன கம்ப்ரஸரில் பிரஷரை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஜோனையும் சிறிது நேரம் ஊதி நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ரோட்டர் தொடர்ந்து சுழன்றால் உள்ளே கியர் சூடாகிப் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஊதும்போது வால்வுக்கோ ஹெட்டுக்கோ மேலே குனியாதீர்கள்.

பச்சைத்தரையிடம் ஒரு கேள்வி. உங்கள் அமைப்பு குடிநீர்க் குழாயிலிருந்துதானே வருகிறது? தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படாமல் தடுக்கும் சாதனம் இருக்கிறதா? யாரும் கேட்கவில்லையே.

#19 பச்சைத்தரை

குடிநீர்தான். தடுப்புச் சாதனம் எப்படி இருக்கும்?

#20 வால்வுப்பெட்டி

உறைபனிக்கு நன்றி, அது மற்ற எதையும்விட முக்கியம். தெருக் குழாயில் பிரஷர் திடீரென விழுந்தால், உங்கள் புல்வெளியில் தேங்கிய தண்ணீர், உரமும் நாய் மூத்திரமும் சேர்ந்து, வீட்டுக் குழாய்க்குள் இழுக்கப்படலாம். பல இடங்களில் இந்தச் சாதனம் சட்டப்படி கட்டாயம், வருஷந்தோறும் சோதிக்கவும் வேண்டும்.

பழைய வீடுகளில் அதிகம் பார்ப்பது, சுவரோரம் தரைக்கு மேலே நிற்கும் குடை போன்ற தலையுள்ள பித்தளைச் சாதனம், பக்கத்தில் இரண்டு வால்வுடன். அது பிரஷர் வாக்குவம் பிரேக்கர். அமைப்பிலேயே உயரமான ஹெட்டைவிட அது குறைந்தது 30 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் பின்னால் தனித்தனியாகச் சிறு பித்தளைக் குடைகள் இருந்தால் அது வேறு வகை, அதற்குப் பின்னால் எந்த வால்வும் போடக்கூடாது. எதுவுமே இல்லையென்றால் ஹெட் மாற்றுவதை நிறுத்திவிட்டு முதலில் இதற்குத் தகுதியுள்ள பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

#21 பச்சைத்தரை

இருக்கிறது, பக்கவாட்டுச் சுவரில், நீங்கள் சொன்ன முதல் வகை. உயரமும் போதுமானது. சோதனைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

ஜோன் 2 ஹெட்களை மாற்றிவிட்டேன். மீட்டர் இப்போது 38 லிட்டர் காட்டுகிறது, முன்பு 52. புகை இல்லை. ஜோன் 3?

#22 வால்வுப்பெட்டி

ஸ்ப்ரே நாசில் மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவுக்கு விடும். ரோட்டர் 10 முதல் 15. இரண்டும் ஒரே வால்வில் இருப்பதுதான் சேற்றுக்கும் வறட்சிக்கும் காரணம். 10 மில்லிமீட்டர் விழ ஸ்ப்ரேக்குக் கால் மணி நேரம், ரோட்டருக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. நீங்கள் எந்த நேரம் வைத்தாலும் ஒன்று கெடும்.

தோண்டாமல் ஒரு வழி இருக்கிறது. ஸ்ப்ரே ஹெட் உடம்பிலேயே மாட்டக்கூடிய, பல கோடுகளாகத் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழலும் நாசில்கள் கிடைக்கின்றன. அவை மணிக்கு சுமார் 10 மில்லிமீட்டர், ரோட்டரோடு ஒத்துப்போகும். அவற்றுக்கு 2.8 பார் அளவு பிரஷர் வேண்டும், ஜோன் 2-க்கு வாங்கிய 2.1 பார் ஹெட்டில் இவற்றை மாட்டாதீர்கள். நாசில் திருகு உட்புறம், வெளிப்புறம் என்று இரண்டு வகை, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

ரோட்டர்களிலும் ஒரு விஷயம். மூலையில் கால்வட்டம் சுழல்வது, ஓரத்தில் அரைவட்டம் சுழல்வதைவிட அதே இடத்தை இரண்டு மடங்கு முறை கடக்கும். எனவே மூலையில் போடும் நாசில் அரைவட்டத்தில் இருப்பதில் பாதி அளவு தண்ணீர் விட வேண்டும். எல்லாவற்றிலும் பெட்டியோடு வந்த அதே நாசிலைப் போட்டிருப்பார்கள், கழற்றிப் பாருங்கள்.

பிறகு ஒரே அளவுள்ள, நேரான சுவருள்ள டப்பாக்களைப் புல்வெளி முழுக்கப் பரப்பி, கால் மணி ஓடவிட்டு, ஸ்கேல் வைத்து அளங்கள். எல்லா டப்பாவின் சராசரி எடுங்கள். மிகக் குறைவாக நிறைந்த கால்பங்கு டப்பாக்களின் சராசரியைத் தனியாக எடுங்கள். இரண்டாவது முதலாவதில் பாதிதான் என்றால், காயும் இடத்தைக் காப்பாற்ற நீங்கள் மற்ற எல்லா இடத்துக்கும் இரட்டிப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

#23 சொட்டுநீர்

டப்பா வைத்துப் பார்க்கையில் ஒரு இடம் தேறாது என்று தெரிந்தால், அதுதான் புல்லை எடுக்க வேண்டிய இடம் :)

#24 பச்சைத்தரை

டப்பா பரப்பிப் பார்த்தேன். நாசில் மாற்றிய பிறகு ஜோன் 3 வெகுவாகச் சமமாகிவிட்டது, ஆனால் தெற்கு ஓரத்தில் ஒரு நீண்ட பட்டை இன்னும் மற்றதில் பாதிதான். அங்கே இரண்டு ரோட்டருக்கு நடுவில் 14 மீட்டர் இருக்கிறது, ஒவ்வொன்றும் 10 மீட்டர் அடிக்கிறது. நடுவில் ஒரு ஹெட் சேர்க்கலாமா?

#25 வால்வுப்பெட்டி

ஒரு ஹெட்டின் தண்ணீர் அடுத்த ஹெட்டின் காலடி வரை எட்ட வேண்டும். 10 மீட்டர் அடிப்பதை 14 மீட்டர் இடைவெளியில் வைத்தால் நடுவில் பட்டை விழத்தான் செய்யும். இது நாசிலால் தீராது, போட்டவர் ஒரு ஹெட்டை மிச்சம் பிடித்திருக்கிறார்.

சேர்க்கலாம், ஆனால் மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு. பிவிசிக் குழாயில் தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது, ஓடினால் வால்வு மூடும்போது இடி போல அடிக்கும், இணைப்புகள் விடும். உள்விட்டம் 26 மில்லிமீட்டர் குழாய்க்கு இது நிமிஷத்துக்கு 48 லிட்டர் அளவு. ஜோன் 3 இப்போது எவ்வளவு?

#26 பச்சைத்தரை

31 லிட்டர். குழாய் அதே அளவு.

#27 வால்வுப்பெட்டி

இடம் இருக்கிறது. அரைவட்ட ரோட்டர் ஒன்று, நிமிஷத்துக்கு 6-7 லிட்டர் நாசிலோடு. சேர்த்த பிறகு கடைசி ஹெட்டில் பிரஷர் விழவில்லை என்று பாருங்கள். குழாயை வெட்டி டீ போடும்போது பள்ளத்தைக் குழாய்க்குக் கீழேயும் ஒரு கையளவு தோண்டுங்கள், சேற்றுத் தண்ணீர் உள்ளே போகாது. குழாய் ஈரமாக இருந்தால் பசை பிடிக்காது, துடைத்துக் காயவிடுங்கள். பசை டப்பாவில் போட்ட நேரம் வரை தண்ணீர் திறக்காதீர்கள். நாசில் மாட்டுமுன் குழாயைக் கழுவிவிடுங்கள்.

தோண்டச் சொன்னவர் பேச்சையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. குழாய் துருப்பிடித்த இரும்பாக இருந்தால், வெவ்வேறு இடத்தில் அடிக்கடி வெடித்தால், எல்லா ஜோனிலும் இடைவெளி இப்படியே இருந்தால், அப்போது தோண்டுவதுதான் சிக்கனம். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

#28 புதியபெட்டி

இப்பவாவது கண்ட்ரோலர் வாங்கலாமா? :)

#29 வால்வுப்பெட்டி

இப்போது வாங்கலாம். மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஜோனுக்கும் டப்பாவில் அளந்த எண் அவரிடம் இருக்கிறது. வாங்கும்போது ஃப்ளோ சென்சார் மாட்ட வசதி உள்ளதாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஹெட் உடைந்து தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் போனால் அந்த ஜோனை மூடிவிடும். வானிலை பார்ப்பதைவிட எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

#30 புதியபெட்டி

அதை ஒத்துக்கறேன். பச்சைத்தரை, பழைய பெட்டியில பம்ப் அல்லது எல்லா ஜோனுக்கும் முன்னாடி இருக்கிற மாஸ்டர் வால்வுக்குப் போற முனையில ஒயர் இருந்தா அதையும் போட்டோல பாருங்க, அதை விட்டுட்டா எந்த ஜோனும் ஓடாது.

#31 பச்சைத்தரை

மாஸ்டர் வால்வு இல்லை, பார்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று. மண் களிமண். ஜோன் 2 ஐந்தாறு நிமிஷம் ஓடினாலே தண்ணீர் நடைபாதைக்கு வழிகிறது. ஆனால் கணக்குப்படி அதற்குப் பதினெட்டு நிமிஷம் வேண்டும்.

#32 வால்வுப்பெட்டி

நான்காக உடையுங்கள். நாலரை நிமிஷம் ஓடி, முக்கால் மணி ஊறவிட்டு, மறுபடி. வழியத் தொடங்கும் நிமிஷத்துக்கு அரை நிமிஷம் முன்பே நிறுத்தும்படி ஒவ்வொரு சுற்றையும் வையுங்கள், தேவைப்பட்டால் ஐந்து சுற்று. இடைவெளியில் மற்ற ஜோன்கள் ஓடட்டும். கடைசிச் சுற்று சூரியன் எழும் நேரத்தில் முடியும்படி தொடங்குங்கள்: காற்று இருக்காது, ஆவியாவது குறைவு, இலை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் பூஞ்சையும் குறையும். தினமும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரைப் புல்லில் குத்திப் பாருங்கள், விரல் நீளத்துக்குச் சுலபமாக இறங்கினால் அன்றைக்கு விட்டுவிடலாம்.